சேஷராயர் மண்டபத்து வேட்டை

ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களை மெச்சாதவர் இல்லை. முன்கால் தூக்கிப் பாயும் குதிரை, மேலே வேல் ஓங்கிய வீரன், கீழே புலியோடு மல்லுக்கட்டும் காலாட்கள், எல்லாம் ஒரே கல்லில். கடிவாள வாரையும் சேணத்தையும்கூடக் கருங்கல்லில் நகைவேலைபோலச் செதுக்கியிருக்கிறார்கள். கைத்திறனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வேட்டைக் காட்சியாக இது தேறுமா?

துரத்துபவனை எந்தக் கலைஞனும் கம்பீரமாகக் காட்டிவிடுவான். துரத்தப்படும் உயிரிடம்தான் அவன் சரக்கு தெரியும். 1567இல் லாகூர் அருகே அக்பர் நடத்திய வளைவேட்டையை அக்பர்நாமாவுக்காக மிஸ்கின் தீட்டிய ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசவைப் புகழ்ச்சிப் படம்தான். ஆனாலும் அடைப்புக்குள் திக்குத் தெரியாமல் ஓடும் மான்களிடமே நம் கண் போகிறது. சம்பளம் வாங்கிய ஓவியன் எஜமானையும் புகழ்ந்து, மானின் கதியையும் சொல்லிவிட்டான்.

சேஷராயர் மண்டபத்துப் புலிக்கு அந்தப் பேறு இல்லை. குதிரையின் மார்புக்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில் அதை ஒடுக்கியிருக்கிறார்கள். காரணம் விளங்காமலில்லை. மண்டபம் 16ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலத்தது. விஜயநகரத்தின் படைபலமே அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலேறி வந்த குதிரைகளை நம்பியிருந்தது; கோவாவில் போர்ச்சுகீசியர் அந்த வணிகத்தைக் கைக்குள் வைத்திருந்தார்கள். அவ்வளவு விலை கொடுத்த மிருகத்துக்குத்தான் சிற்பி கல்லில் பாதியை எழுதிவைத்தான். மானைக் குத்தினால் வீரம் தெரியாது என்பதால் புலியைக் கொண்டுவந்தான்.

தூணில் ஓட்டத்துக்கு இடமேது என்று கேட்கலாம். நியாயம்தான். ஓட்டத்தைவிட, அடிபடும் மிருகத்துக்குக் காட்சியில் என்ன பங்கு என்பதே என் கேள்வி. அதே விஜயநகர ஆட்சியில், அதே 16ஆம் நூற்றாண்டில், லேபாட்சிக் கோயில் விதானத்தில், வேடனாக வந்த சிவனும் அர்ஜுனனும் ஒரே பன்றிக்காக மோதும் கிராதார்ஜுனக் கதையைத் தீட்டினார்கள். அங்கே பன்றி வெறும் இலக்கு இல்லை. சிவனுக்கும் அர்ஜுனனுக்கும் வழக்கே அதனால்தான்.

பிடிக்க வந்தவனே பிடிபடும் காட்சி ஸ்ரீரங்கத்திலேயே உண்டு. மண்டபத்தை ஒட்டிய மணல்வெளியில் வைகுண்ட ஏகாதசி விழாவின் இராப்பத்தில் எட்டாம் நாள் வேடுபறி நடக்கிறது. உற்சவர் நம்பெருமாள் தங்கக் குதிரையில் வருவார். கொள்ளையடிக்க வழிமறித்த திருமங்கை மன்னனே கடைசியில் பெருமாளிடம் அகப்படுவார். அப்படியொரு திருப்பம் தூண்களில் இல்லை; யார் ஜெயிப்பார் என்பது முதல் பார்வையிலேயே முடிந்துபோகிறது.

காலாட்களை மட்டும் விலக்கிச் சொல்ல வேண்டும். புலிக்கு எட்டும் தூரத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான். ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான். குதிரைச் சிற்பமாக இந்தத் தூண்களுக்குத் தமிழ்நாட்டில் முதலிடம் கொடுப்பேன். வேட்டைக் காட்சியாக லேபாட்சிக்குக் கீழேதான் வைப்பேன்.