அடக்கமும் கவனமும்

தியானம் பழகியவனுக்குக் கவிதை கைகூடும் என்றொரு நம்பிக்கை நம் வட்டத்தில் சிலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. இரண்டு வருஷங்கள், விடிகாலையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். கோபம் குறைந்தது. கண்ட நேரத்தில் சிகரெட் தேடும் கை அடங்கியது. இவை பொய்யல்ல. ஆனால் அந்த வருஷங்களில் எழுதிய முப்பது சொச்சம் கவிதைகளில் ஒன்றைக்கூட இன்று ஏற்க நான் தயாரில்லை. எல்லாவற்றிலும் மௌனம், வெளி, சூன்யம். எவன் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியவை. கோளாறு தியானத்திலா, என்னிலா?

ராமநாதபுரத்துக்காரன் இந்தக் கேள்வியைத் தாயுமானவரைத் தாண்டிக்கொண்டு கேட்க முடியாது. பதஞ்சலி ராமேஸ்வரத்தில் சமாதியானார் என்பது சித்தர் மரபின் நம்பிக்கை. அதைச் சரித்திரமாகக் கொள்ள ஆதாரம் இல்லை. தாயுமானவர் விஷயம் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில், திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் உத்தியோகம் பார்த்து, பிறகு துறவு பூண்டு, கடைசியில் இங்கே வந்து அடங்கியவர். சமாதி லட்சுமிபுரத்தில் இருக்கிறது. அங்கே போய் உட்காருகிறவர்கள் அவரை மனத்தை வென்றவராக வணங்குகிறார்கள். அவருடைய 1452 பாடல்களையும் வென்றவனின் அறிக்கையாகவே படிக்கிறார்கள்.

எனக்கு அவை அப்படிப் படவில்லை. ‘தேசோமயானந்த’த்தில் எல்லோரும் அறிந்த ஒரு பாட்டு. கொடிய மிருகங்களை வசப்படுத்துவதில் தொடங்கி, ரசவாதம், நீர்மேல் நடை, நெருப்பில் இருப்பு என்று சித்துக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. அத்தனையும் சாத்தியம் என்கிறார். முடிவில் ஒரே ஒரு காரியம் மட்டும் கைக்கு எட்டாமல் நிற்கிறது: தன் மனத்தோடு ஓய்ந்திருப்பது. இதை நீதியாக எடுத்துச் சொல்வது சுலபம். பாட்டு செய்யும் காரியம் அதைவிடப் பெரிது. அந்த நெடிய விருத்தம் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுவதே அலையும் மனத்தின் நடைதான். அலைச்சலை நம் காதில் நிகழவிட்டு, பிறகுதான் நிற்கிறார். தன் மனம் ஓடும் விதத்தை இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவன் அதை அடக்கிவிட்டானா என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

அவர் சரியும் இடங்களும் உண்டு. சச்சிதானந்தம், பரிபூரணம் என்று தத்துவப் பதங்கள் வரிசை கட்டும் பாடல்களில் அனுபவம் இல்லை, அதன் பெயர்ப்பலகைதான் இருக்கிறது. பராபரக்கண்ணியின் 389 கண்ணிகளிலும் பல வெறும் ஸ்தோத்திரம். மனத்தைப் பற்றி முறையிடுபவை மட்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இந்த அடக்கத்தைக் கருவி வைத்து அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். 1961இல் டில்லியில் ஆனந்தும் அவரது சகாக்களும் சமாதியில் இருந்த யோகிகளைச் சோதித்தார்கள். சப்தமோ வெளிச்சமோ அவர்களது மூளை அலையைக் கலைக்கவில்லை. 1966இல் ஜப்பானில் கஸமட்ஸுவும் ஹிராயும் ஜென் குருமாரைச் சோதித்தார்கள். ஒரே சப்தம் திரும்பத் திரும்ப ஒலித்தும், கடைசித் தடவையும் முதல் தடவைபோலவே அவர்களது மூளை அதை ஏற்றது. யோகி கதவை அடைக்கிறான், ஜென் துறவி திறந்து வைக்கிறான் என்று அழகாகப் பிரித்துப் பேசினார்கள். 1981இல் பெக்கரும் ஷபீரோவும் மறுபடி சோதித்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. அழகான பாகுபாடுகளில் மயங்கும் விமர்சகனுக்கு இது நல்ல பாடம்.

எனக்குப் பயன்பட்டது பின்னால் வந்த ஒன்று. 60 பேரை இரு பிரிவாக்கி, மூன்று மாதம் பௌத்த சமதத் தியானத்தில் இருத்தி, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2010இலும் 2011இலும் வெளியாயின. திரையில் நீளக் கோடுகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எப்போதாவது சற்றே குட்டையான கோடு வரும். அப்போது கை அசையக் கூடாது. அரை மணி நேரம் இதே வேலை. பயிற்சி பெற்றவர்கள் நீளத்தின் நுட்பமான பேதத்தைக் கண்டார்கள். பழக்கத்தில் ஓடும் கையை நிறுத்தவும் செய்தார்கள். வேறு தியான முறைகளுக்கும் ஆசனப் பயிற்சிக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் கவனம் என்றும் அடக்கம் என்றும் நாம் தனித்தனியே பேசுகிறவை அங்கே ஒரே செயலில் சேர்ந்திருக்கின்றன.

பாம்பன் பக்கத்துக் கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறார்கள். இதை யோகம் என்று சிலாகித்தால் அது போலித்தனம், அது வயிற்றுப்பாடு. ஆனால் அவர்கள் மூச்சடக்குவது பாசியைக் கண்டெடுக்க. அடக்கிய மூச்சை யாரிடமும் காட்டுவதற்கல்ல.

நான் காட்டினேன். உட்கார்ந்து கிடைத்த அமைதியையே கவிதையின் விஷயமாக்கினேன். ‘மௌனம்’ என்ற சொல் பேனாவில் தானாக வந்தபோது அதுதான் அந்தக் குட்டைக் கோடு. கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. காலையில் பழகிய அடக்கம் எழுதும் மேஜைக்கு வந்து சேரவே இல்லை. கோளாறு என்னில்தான்.

புதுக்கவிதையில் இன்று மலியும் ‘தியானக் கவிதை’களையும் இந்த ஒரு கேள்வியோடுதான் படிக்கிறேன்: இவர் எந்தச் சொல்லை எழுதாமல் விட்டார்? பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. உட்காருவதை நான் விடவில்லை. ஆனால் அந்த முப்பது கவிதைகளும் புத்தகமாகாது.