காணாமற்போன பிள்ளையும் மர்ம நாவலின் விடையும்: மடலின் தியெனின் மொன்றியல் நாவலை முன்வைத்து

ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பலராலும் கொள்ளப்படும் 'அசன்பேயுடைய சரித்திரம்' ஒரு பிள்ளை களவாடப்படுவதைக் கருவாகக் கொண்டது. கண்டியைச் சேர்ந்த முகம்மது காசிம் சித்திலெவ்வை 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நாவலில், எகிப்து நாட்டு உயர்குடிக் குடும்பமொன்றின் ஆண்குழந்தை கவரப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, கல்வி பெற்று, இடர்கள் பலவற்றைக் கடந்து பெற்றோரைச் சேர்கிறது. இந்நூலைப் பற்றி எழுந்த ஆய்வுகளிற் பெரும்பகுதி, முதல் நாவல் எது என்னும் ஆண்டுக்கணக்கு வாதத்திலேயே தேங்கிவிட்டது. வீட்டிலிருந்து பிள்ளையொன்று மறைவதை ஈழத்துப் புனைகதை தன் தொடக்கத்திலேயே ஏன் தேர்ந்துகொண்டது என்பது அவ்வாதத்தில் எழவில்லை. மர்மமும் திருப்பமும் நிறைந்த கதை என்றாலே அதனை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்திவிடும் பழக்கம் இதற்கு ஒரு காரணம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோரின் துப்பறியும் நாவல்கள் பற்றி நம்மிடையே உள்ள ஆய்வுகளின் தொனியும் பெரும்பாலும் மன்னிப்புக் கோரும் தொனியே.

பிள்ளையை இழந்த குடும்பம் பற்றிய மர்மக்கதை வாசகருக்கு அளிக்கும் வாக்குறுதி யாது, அவ்வாக்குறுதியை நிறைவேற்ற மறுக்கும் நாவல் எதனைச் சாதிக்கிறது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். அதற்கு எடுத்துக்கொள்ளப்படுவது மொன்றியல் நகரைக் களமாகக் கொண்டு மடலின் தியென் ஆங்கிலத்தில் எழுதி, 2011இல் வெளிவந்த 'டோக்ஸ் அற் த பெரிமீற்றர்' என்னும் நாவல். 'சுற்றெல்லையில் நாய்கள்' என அதனைத் தமிழில் வழங்கலாம். 1974இல் வன்கூவரில் பிறந்த தியென், மலேசியாவிலும் ஹொங்கொங்கிலும் வேர்கொண்ட சீனக் குடும்பத்தவர். 2016இல் கில்லர் பரிசு பெற்ற அவரது அடுத்த நாவலின் புகழ் முன்னதைச் சற்றே மறைத்துவிட்டது. தமிழ் வாசகருக்கு நெருக்கமானது முன்னதே என்பது இக்கட்டுரையின் கருத்து.

தமிழில் இப்பொருளின் இலக்கணம் கவனத்திற்குரியது. 'காணாமற்போனான்' என்பது போனவனையே எழுவாயாக்கும் தொடர். செயல் அவனுடையதுபோல ஒலிக்கும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் உறவுகளைத் தேடும் குடும்பங்கள் அத்தொடரை ஏற்பதில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே அவர்கள் எழுதுகிறார்கள். பதாகைகளிலும் அதுவே காணப்படும். அரசு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவிய அமைப்பின் பெயரோ 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. ஒரு வினைச்சொல்லில் இரு தரப்புகளும் எதிரெதிரே நிற்கின்றன. துப்பறியும் நாவலின் தொழிலும் இலக்கணம் சார்ந்ததே: 'போனான்' என்று தொடங்கும் கதையை 'இன்னான் இவனைக் காணாமல் ஆக்கினான்' என்று முடித்து வைப்பது அது. எழுவாய் வெளிப்பட்டதும் நூல் மூடப்படுகிறது.

எழுவாய் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தும் பிள்ளை கிடைக்காத கதையை இவ்வடிவம் தாங்குமா? இவ்வினாவுக்குத் தமிழ் மரபிலேயே ஒரு முன்னோடி உண்டு. மணிமேகலையில் நாகநாட்டு அரசன் மகள் பீலிவளை, நெடுமுடிக்கிள்ளிக்குப் பெற்ற மகனை மணிபல்லவத்தில் வணிகன் கம்பளச்செட்டியிடம் ஒப்படைத்துக் கப்பலில் அனுப்புகிறாள். இரவில் கப்பல் உடைகிறது. உயிர்தப்பிய வணிகன் செய்தியைக் கொணர்கிறான். குழந்தை என்னவாயிற்று என்பது தெரியவில்லை. மைந்தனைத் தேடும் துயரில் மன்னன் இந்திரவிழாவை மறக்கிறான். புகார் நகரைக் கடல் கொள்கிறது. இங்குக் குற்றவாளி என எவரும் இலர். குழந்தை இறந்ததாகவும் கூறப்படவில்லை. இறந்தான் என்று அறிந்திருந்தால் ஈமக்கடன் முடித்து மன்னன் அரசுப்பணிக்குத் திரும்பியிருப்பான். அறியாமையே அவனைத் தேடலில் நிறுத்தி வைத்தது. ஒரு வீட்டின் நிச்சயமின்மை ஒரு நகரின் நாட்காட்டியையே குலைத்துவிடுவதைச் சாத்தனார் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறார்.

இதன் பின்கதை சுவையானது. பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் தரும் இளந்திரையன் பிறப்பு வரலாற்றிலும் சோழனுக்கு நாகர்மகள் பெற்ற பிள்ளை வருகிறான்; தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட்ட அவனைத் திரை கரைசேர்த்ததால் திரையன் ஆனான் என்கிறது அவ்வுரை. பின்வந்த ஆய்வாளர் சிலர் இரு கதைகளையும் இணைத்து, மணிமேகலையின் தொலைந்த குழந்தையே தொண்டைமான் என்றனர். வரலாற்று நிலையில் இம்முடிபு வலுவற்றது. ஆயினும் காப்பியம் திறந்துவைத்த கதவைப் புலமை எவ்வளவு விரைந்து மூடியது என்பதற்கு இது நல்ல சான்று. பிள்ளை கிடைத்தான், நாடும் பெற்றான். ஆனால் வேறு பெயரில்.

பெயர் மாற்றம் இவ்வகைக் கதைகளின் உயிர்நிலை. அமெரிக்க எழுத்தாளர் ஜாக்குலின் மிச்சர்டின் 'த டீப் என்ட் ஒஃப் த ஓஷன்' (1996) இவ்வகையிற் பெரும் வாசகப் பரப்பை அடைந்த நாவல். ஒப்ரா வின்பிரேயின் தொலைக்காட்சி வாசகர் வட்டம் முதலிற் தேர்ந்ததும் அதுவே. சிக்காகோ விடுதி ஒன்றின் கூட்டத்தில் மூன்று வயது பென் மறைகிறான். தம்பியைப் பார்த்துக்கொள்ளுமாறு தாய் விட்டுச்சென்ற மூத்தவனின் குற்றவுணர்வு, தாயின் உறைநிலை, தந்தையின் உழைப்பு வெறி ஆகியவற்றினூடே ஒன்பது ஆண்டுகள் கழிகின்றன. பின்னர், புல் வெட்டித்தரலாமா என்று கேட்டு வாசலில் ஒரு சிறுவன் வந்து நிற்கிறான். அவன் பெயர் சாம். அவனே பென். கவர்ந்து சென்றவள் யார் என்பது விரைவில் தெரிந்துவிடுகிறது. நாவலின் கனதியான பகுதி அதன் பின்னரே வருகிறது. பெற்றெடுத்த வீட்டில் அவன் விருந்தாளி. வளர்த்தவனே அவனுக்குத் தந்தை. 'எங்கே?' என்ற வினா தீர்ந்ததும் 'யார்?' என்ற வினா தொடங்குவதை மிச்சர்ட் கண்டுகொண்டார். ஆயினும் இறுதியில் அவ்விரண்டாவது வினாவையும் சமரசம் செய்து வைத்தே வாசகரை அனுப்புகிறார். காவற்றுறை, நீதிமன்றம், அயலவர் என அனைவரும் குடும்பத்தின் பக்கம் நிற்கும் உலகில் அத்தகைய முடிவு இயல்பானதே.

தியெனின் உலகம் அத்தகையதன்று. நாவலின் தொடக்கம் மர்மக்கதைக்குரிய துல்லியத்துடன் அமைந்துள்ளது. 2005 நவம்பர் 29ஆம் திகதி மாலை, நரம்பியல் மருத்துவர் ஹிரோஜி மட்சுயி மொன்றியல் மூளை ஆய்வு நிலையத்திலிருந்து வெளியேறுகிறார். அதன்பின் அவரைக் காணவில்லை. திகதி, நேரம், பயன்படுத்தப்படாத உடைமைகள் என ஒரு காவற்றுறைக் கோப்புக்கு வேண்டிய அனைத்தும் முதற்பக்கங்களில் உள்ளன. அவரைத் தேடுபவள் உடன் ஆய்வாளரான ஜேனி. ஹிரோஜி தேடிச் சென்றதோ தன் தமையன் ஜேம்ஸை. செஞ்சிலுவைச் சங்க மருத்துவராகக் கம்போடியாவுக்குச் சென்ற ஜேம்ஸ், 1975இல் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்தபோது மறைந்தவன். ஜேனியும் அந்நாட்டுக் குழந்தையே. தந்தையைக் கொண்டுசென்றார்கள், தாயையும் இழந்தாள், தப்பி வரும் வழியில் தம்பி சோபமைக் கடலில் இழந்தாள். ஒரு காணாமற்போதலின் கோப்பைத் திறந்தால் அதனுள் இன்னொன்று, அதனுள் மற்றொன்று.

இங்கு எழுவாய் எவருக்கும் மறைவானதன்று. கொண்டுசென்றது 'அங்கார்', அதாவது 'அமைப்பு'. அதற்கு முகமில்லை, அனைவரும் அதன் பெயரை அறிவர். எழுவாய் தெரிந்த பின்னரும் கதை ஓயாமையே இந்நாவலின் அமைப்பு விதி. வாசகர் மர்ம நாவலின் விரைவோடு பக்கங்களைப் புரட்டுகிறார். கிடைக்கும் ஒவ்வொரு துப்பும் அவரை மேலும் பின்னோக்கிக் கொண்டுசெல்கிறது. கெமர் ரூஜின் முகாம்களில் குழந்தைகளுக்குப் புதுப்பெயர் சூட்டப்படுகிறது: ஜேனி அங்கு மெய், சோபம் ரித்தி. ஜேம்ஸ் இறந்துவிடவில்லை, குவான் என்ற பெயருடன் வேறொருவனாக உயிர்வாழ்ந்தான். மிச்சர்டின் சாமைப்போல இவர்களுக்கும் பழைய பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் இயல்பு எஞ்சியிருக்குமா என்பது நிச்சயமில்லை. சிறுத்தொண்டர் புராணத்தில் தாயும் தந்தையும் அழைக்க சீராளன் ஓடி வருகிறான். அழைப்பும் வருகையும் ஒன்றோடொன்று பொருந்திய அந்த உலகிலிருந்து இந்நாவல் வெகுதொலைவில் நிற்கிறது.

மொன்றியல் இக்கதைக்குத் தற்செயலான களம் அன்று. 1934இல் வைல்டர் பென்ஃபீல்ட் அங்கு நரம்பியல் நிறுவனத்தை நிறுவினார். வலிப்பு நோயாளரின் மூளையை மின்தூண்டலுக்கு உட்படுத்தியபோது சிலருக்குப் பழைய நினைவுகள் எழுந்ததை அவர் பதிவுசெய்தார். நினைவின் வகைகள் பற்றிய பிரெண்டா மில்னரின் புகழ்பெற்ற ஆய்வுகளும் அந்நகரோடு இணைந்தவையே. நினைவுக்கு மூளையில் இடமுண்டு, அவ்விடத்தைத் தொட்டால் இழந்தது திரும்பும் என்ற நம்பிக்கை அறிவியலின் வேடத்தில் வரும் மர்ம நாவல் அல்லவா? ஜேனி அதே துறையில் பணியாற்றுபவள். பெயரையும் சொல்லையும் இழந்த நோயாளரைப் பற்றிய குறிப்புகளை நாவல் இடையிடையே தருவது அழகுக்காக அன்று. காணாமற்போதல் ஒருவரின் உடலுக்கு மட்டுமன்றி அவரது 'நான்' என்பதற்கும் நேரக்கூடியது என்பதை வேறு எவ்வாறு சொல்வது?

ஜேனியின் இன்றைய வீடே நாவலின் கூரிய பகுதி. அவளுக்குக் கணவன் நவினும் மகன் கிரியும் உண்டு. தன் வன்முறை மகன்மீது பாய்ந்ததைக் கண்டு அஞ்சி, அதே நகரில், ஹிரோஜியின் வெறுமையான குடியிருப்புக்கு அவள் பெயர்ந்துவிடுகிறாள். குழந்தையாகக் குடும்பத்தை இழந்தவள், தன் குழந்தைக்குத் தானே காணாமற்போகிறாள். அமெரிக்க ஆய்வாளர் போலீன் பொஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்ட நிலைக்கு இரு முகங்கள் உண்டு: உடல் இல்லாதிருக்க மனத்தில் இருத்தல்; உடல் இருக்க மனத்தால் இல்லாதிருத்தல். சோபம் முதலாவது, ஜேனி இரண்டாவது. முதலாவது இழப்பு இரண்டாவதை எவ்வாறு பெறுகிறது என்பதை விளக்கவுரை எதுவுமின்றி நாவல் நிகழ்த்திக் காட்டுகிறது.

குறைகளும் உள. கம்போடியாவில் ஒரு சிறுமியின் குரலும் மொன்றியலில் ஒரு மருத்துவரின் குரலும் ஒரே கவித்துவச் சுருதியில் ஒலிப்பதால் சிலவிடங்களில் துயரங்கள் தம்முள் வேறுபாடிழக்கின்றன. நகரத்தின் பனியும் ஆய்வுகூடமும் துலங்கும் அளவுக்கு அதன் பிரெஞ்சுமொழி அன்றாடம் துலங்கவில்லை. கிரியின் அகவுலகமும் தாயின் நினைவுகளுக்கு நிகரான இடத்தைப் பெறவில்லை. மிச்சர்ட் தன் மூத்த மகன் பாத்திரத்துக்கு அளித்த இடத்தை எண்ணினால் இது பெருங்குறையே. வெகுசன நாவலென்று ஒதுக்கப்படும் நூலிலிருந்து இலக்கிய நாவல் கற்கவேண்டியிருந்த இடம் இது.

இதே நகருக்குத் தமிழரும் வந்தனர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர் மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்கும் அனுப்பப்பட்டனர். கோட் டெ நேய்ஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதிகளில் அக்காலந்தொட்டே தமிழ்க் குடும்பங்கள் உள. 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் படையினரிடம் கையளிக்கப்பட்டவர்களுள் குழந்தைகளும் இருந்ததாக உறவினர் சாட்சியம் அளித்துள்ளனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர்போராட்டத்தின் வினா 'கொண்டுசென்றது யார்?' என்பதன்று, 'எங்கே?' என்பதே. 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் இக்குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழை முன்வைத்தது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழைச் சேர்த்தது. உடலும் உண்மையும் தரப்படாமல் நீட்டப்படும் மரணச் சான்றிதழைப் பல தாய்மார் மறுக்கின்றனர். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய புனைகதை 'தெளிவான முடிவு' தரவில்லையெனக் குறைகூறும் விமர்சனம், அறிந்தோ அறியாமலோ, அத்தாய்மாரிடம் அதே சான்றிதழை நீட்டுகிறது.

போருக்குப் பின்னான ஈழத்து நாவல் பெரும்பாலும் சாட்சிய வடிவத்தைத் தேர்ந்துகொண்டது. அதன் அவசியம் மறுப்பதற்குரியதன்று. ஆனால் சாட்சியம் நிகழ்ந்ததைச் சொல்லும். இன்னும் நிகழாததற்காகக் காத்திருக்கும் வீட்டின் காலத்தை, தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று தொடரும் காலத்தைச் சொல்ல மர்ம நாவலின் கருவிகள் வேண்டும். ஆரணியாரும் வடுவூராரும் நமக்குப் பழக்கிய அதே கருவிகள். 2009இல் ஆறு வயதாயிருந்த பிள்ளையின் ஒளிப்படத்தைத் தாய் ஏந்தி நிற்கிறாள். படத்திலிருப்பவன் உயிரோடிருந்தால் இன்று இருபதைக் கடந்த இளைஞன். வேறு பெயருடனும் வேறு மொழியுடனும் அவன் ஒரு வாசலில் வந்து நின்றால், கதவைத் திறப்பவள் அவனிடம் முதலில் எதனைக் கேட்பாள், எந்த மொழியில் கேட்பாள் என்பதிலிருந்து ஒரு தமிழ் நாவல் தொடங்கலாம். மிச்சர்ட் அவ்வாசலை நாவலின் நடுவில் வைத்தார். தியெனின் ஜேனிக்கு அது கிரியின் வீட்டு வாசல், வெளியே நிற்பவள் அவளே.