மதுரை வீட்டு ஒத்தி: ஒரு திறனாய்வு

வீட்டு ஒத்தி என்பது, குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்து, அது திரும்ப வரும்வரை வாடகையின்றி வசிக்கும் ஏற்பாடாகும். எழுத்து வழக்கில் ஒற்றி. போக்கியம் என்றும் சொல்வர். மதுரையில் செல்லூர், ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம், அனுப்பானடி போன்ற பகுதிகளில் வீடு தேடுவோர் "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவர். மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வயல்களிலும் இவ்வழக்கம் உண்டு. வயலில் விளைச்சல் வட்டிக்கு ஈடு; வீட்டில் குடியிருப்பு ஈடு.

ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளருக்கு ஒத்தி என்பது உண்மையில் கடன்தான். பழைய கடனை அடைக்கவும் மேல்மாடி எழுப்பவும் மகள் திருமணத்துக்கும் இப்பணமே பயன்படுகிறது. "பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை" என்று இருதரப்பும் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமை கணக்குக்கு முன் நிற்காது.

மாதம் 8,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீடு 5 லட்சத்துக்கு ஒத்தி விடப்படுவதாகக் கொள்வோம். உரிமையாளர் ஆண்டுக்கு 96,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். இது 19.2 சதவீதம், ஊர்ப்பேச்சில் நூற்றுக்கு 1 ரூபாய் 60 காசு வட்டி. வீட்டுவரி பெரும்பாலும் அவர் தலையிலேயே விழும். 3 ரூபாய் வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு வாங்கிய கடனை அடைக்க ஒத்தி விட்டால் அது நல்ல முடிவு. 9 சதவீதத்தில் வங்கிக் கடன் கிடைக்கக்கூடியவர் அதே 5 லட்சத்துக்கு முதலாண்டில் ஏறத்தாழ 45,000 ரூபாய்தான் வட்டி கட்டுவார். அவர் ஒத்திக்குப் போவது, மாதத் தவணைக்குப் பயந்து இருமடங்கு கொடுப்பதாகும். ஆனால் சம்பளச் சீட்டும் அனுமதி பெற்ற வரைபடமும் இல்லாத தையற்காரருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் வங்கிக் கதவு எளிதில் திறப்பதில்லை. இதை மறந்து ஒத்தியைப் பழிப்பது நியாயமாகாது.

பெரிய குறை அசலில் உள்ளது. ஒத்திப்பணம் செலவாகிவிடும், குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் கையில் இருக்காது. புது ஆளிடம் கூடுதல் தொகை வாங்கிப் பழையவருக்குக் கொடுப்பதே நடைமுறை. மூன்று நான்கு முறை இப்படிப் புரட்டியபின் வாடகை வருமானமே இல்லாத வீடும் பெருங்கடனும் மிஞ்சும். அப்போது விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வி எழுகிறது. முதல் ஒத்தி முடியும்போதே அதைக் கேட்டிருந்தால் விலை பேச நேரம் இருந்திருக்கும்.

சட்டப்படி ஒத்தி, 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் வரும் அனுபவ அடமானம். 59ஆம் பிரிவின்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைக்குப் பதிவு செய்த ஆவணம் தேவை. வழக்கத்திலோ முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கும் இந்தச் சிக்கனம் குடியிருப்பவரின் ஆயுட்காலச் சேமிப்பைப் பணயம் வைக்கிறது. பதியாத ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறாது. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானம் என்றால் வங்கிக்கே முன்னுரிமை. 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி வீடு ஏலத்துக்கு வந்தால் ஒத்திக்காரர் உரிமையாளரைத்தான் தேடிப் போக வேண்டும்.

உரிமையாளருக்குப் பதிவு பாதகம் என்ற எண்ணமும் தவறு. ஒத்திக்காரர் பணத்தை வாங்க மறுத்தால், 83ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் செலுத்தி மீட்க வழியுண்டு. அனுபவ அடமானத்தில் ஆவணத் தேதியிலிருந்தே காலவரம்பு ஓடத் தொடங்காது என்று 2014இல் சிங் ராம் எதிர் சியோ ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தென் கொரியாவின் ஜொன்சே முறை இதற்கு நெருங்கிய உறவு. அங்கு ஒப்பந்தத்தில் அரசு அலுவலகத் தேதி முத்திரை பெற்று, குடியேறியதையும் பதிந்தவருக்கு ஏலத்தில் முன்னுரிமை வரிசை கிடைக்கும். அப்படியிருந்தும் பலர் பணத்தை இழந்ததால் 2023இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. மதுரையில் அந்த முத்திரையும் கிடையாது. பாகம் பிரியாத பூர்வீக வீட்டை அண்ணன் மட்டும் கையெழுத்திட்டு ஒத்தி விடுவதும், ஆண்டுகள் கழித்துத் தங்கை தன் பங்கைக் கேட்டு வந்து நிற்பதும் உண்டு. குடியிருப்பவர் அன்றுதான் மூலப்பத்திரத்தைப் பார்க்கக் கேட்கிறார்.