சென்னை நாள்: எவருடைய நினைவு?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22ஆம் நாளைச் சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டாடும் வழக்கம் 2004இல் தொடங்கியது. வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையாவும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய இவ்விழா அரசாணையால் பிறந்ததன்று. ஆர்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. மரபு நடை, சொற்பொழிவு, பழைய நிழற்படக் கண்காட்சி, வினாடி வினா என ஒரு நாள் விழா ஒரு வாரத்திற்கும் மேலாக விரிந்தது. 2019இல் முத்தையா மறைந்த பின்னரும் அது நின்றுவிடவில்லை. தம் தெருப் பெயருக்குப் பொருள் கேட்கும் பழக்கத்தை நகரவாசிகளிடம் வளர்த்தமைக்காக இவ்விழாவுக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம். அந்நன்றியோடுதான் சில குறைகளையும் முன்வைக்கிறோம்.

1639இல் தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கடலோரத்தில் நிலம் பெற்றதையே இந்நாள் நினைவுகூர்கிறது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதனினும் பல நூற்றாண்டுகள் மூத்தவை என்பதைப் பலரும் சுட்டிக்காட்டியுள்ளனர். நமது கவலை வேறு. கோட்டையில் தொடங்கும் வரலாறு பெரும்பாலும் கட்டடங்களிலேயே முடிந்துவிடுகிறது. கட்டியவர் பெயரும் கட்டிய ஆண்டும் சொல்லப்படுகின்றன. அங்கே கற்றவரும் கற்பித்தவரும் எழுதியவரும் விடுபட்டுப் போகின்றனர்.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை இவ்விழப்பு பெரிது. நவாபின் மாளிகை, பிரியாணியின் மணம் என்ற அளவிலேயே நமது பங்கு சுருங்கிவிடக் காண்கிறோம். திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலைப் பாருங்கள். அதன் கருங்கல் அழகைப் போற்றுவோர் பலர். ஆனால் அங்குள்ள பாரசீகக் கல்வெட்டில் ஆண்டைக் குறிக்கும் வாசகத்தை இயற்றியவர் மக்கன் லால் என்னும் இந்து அறிஞர் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? அவ்வாசகத்தின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 கிடைக்கும். லக்னோவிலிருந்து வந்து இந்நகரில் போதித்த பேரறிஞர் அப்துல் அலீ பஹ்ருல் உலூம் 1810இல் மறைந்து அப்பள்ளி வளாகத்திலேயே அடங்கியுள்ளார்.

சேப்பாக்கம் அரண்மனையின் கதையும் இவ்வாறே. 1855இல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி நவாப் பட்டத்தை ஒழித்தது, அரண்மனையும் கைமாறியது. 2012இல் அதன் ஒரு பகுதி தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. இவையெல்லாம் பேசப்படுகின்றன. அந்த நவாப் பாரசீகக் கவிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த நூலாசிரியர் என்பது பேசப்படுவதில்லை. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் மண்ணடியும், இந்நகரில் அச்சான அரபுத் தமிழ் நூல்களும் இன்னும் ஓரத்திலேயே நிற்கின்றன.

இக்குறையை விழாக் குழுவினர் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. எடுத்துச் சொல்வோர் உள்ள இடத்திற்குத்தான் மரபு நடை செல்லும். நம் ஜமாஅத்துகளில் பழைய வக்ஃபு ஆவணங்களும் திருமணப் பதிவேடுகளும் முறையாகப் பேணப்படுகின்றனவா? பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது பழைய கல்வெட்டைப் பெயர்த்து மூலையில் சாய்த்துவிட்டுப் பளிங்கு பதிப்பதைப் பெருமையாகக் கருதுவோர் நம்மிடையே இல்லையா? நாமே காவாததைப் பிறர் கொண்டாட வேண்டுமென்று எதிர்பார்ப்பது எவ்வாறு தகும்?

எனவே, ஆகஸ்ட் மாதத்தில் ஒவ்வொரு மஹல்லாவும் தன் ஆவணங்களைப் படியெடுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கட்டும். பள்ளிவாசல் கல்வெட்டுகளின் தமிழாக்கம் அவற்றின் அருகிலேயே இடம்பெறட்டும். மத்ரஸா மாணவர்கள் விருந்தினரை வரவேற்று அவற்றை விளக்கட்டும். பாரசீகம் படிக்கத் தெரிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணி நடந்தாக வேண்டும். பிந்தினால் அக்கற்கள் இருக்கும், அவற்றைப் படிப்பார் இருக்கமாட்டார்.