21 நாள் அவகாசம்

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் வயலை வாங்கி நாற்பது வீடு கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்தால், ஊர்க்காரர்கள் அதைப் பற்றிக் கூடிப் பேசும் முதல் அவை பாரிஷ் கவுன்சில்தான். தேவாலயத்தின் கையிலிருந்த ஊர் நிர்வாகத்தைப் பிரித்தெடுத்து, ஊரார் தேர்ந்தெடுக்கும் அவைகளிடம் கொடுத்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். இன்று அந்த நாட்டில் ஏறத்தாழ 10,000 பாரிஷ், நகரக் கவுன்சில்கள் இருக்கின்றன. உறுப்பினர்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. பல ஊர்களில் பகுதி நேரக் கிளார்க் ஒருவரே மொத்த அலுவலகமும். கட்டட விண்ணப்பத்தை ஏற்கவோ மறுக்கவோ இந்தக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. சாலையின் வேக வரம்பை அது மாற்ற முடியாது. கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான்.

கருத்து மட்டும் சொல்வதால் என்ன பயன் என்று இதைச் சடங்காக ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஊருக்கே தடுக்கும் அதிகாரம் வேண்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இரு தரப்போடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஊர்ச் சாலையைத் தினமும் நடந்தும் ஓட்டியும் அறிந்த அறிவு பாரிஷ் கவுன்சிலிடம் இருப்பதுபோல வேறெந்த அமைப்பிடமும் இல்லை. அந்த அறிவுக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லாததுதான் இந்த முறையின் பெருங்குறை என்று நினைக்கிறேன்.

1990ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டப்படி, பாரிஷ் கவுன்சில் கேட்டுக்கொண்டால் அதன் எல்லைக்குள் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் திட்டமிடல் அதிகாரம் அதற்குத் தெரிவித்தாக வேண்டும். கருத்துச் சொல்ல 21 நாள் அவகாசம். முடிவெடுப்பது மாவட்டக் கவுன்சில். சிறிய விண்ணப்பத்துக்கு 8 வாரம், பெரியதற்கு 13 வாரம் என்பது பொதுவான கெடு. சாலை கவுண்ட்டி கவுன்சிலின் பொறுப்பு. இரண்டும் ஒரே அமைப்பாக இருக்கும் பகுதிகளிலும் திட்டமிடல் ஒரு துறை, நெடுஞ்சாலை இன்னொரு துறை. வீட்டுக்கு அனுமதி தருகிறவர் ஒருவர், அந்த வீட்டிலிருந்து கார் இறங்கும் சாலையைப் பார்க்கிறவர் இன்னொருவர், அந்தச் சாலையில் வாழ்கிறவர்களின் அவை மூன்றாவது. பாரிஷ் கவுன்சில்கள் பொதுவாக மாதம் ஒருமுறை கூடுகின்றன. நிகழ்ச்சி நிரலை மூன்று முழு நாள் முன்பே ஒட்டியாக வேண்டும். மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் விண்ணப்பம் வந்தால் 21 நாள் போதாது; கிளார்க் கால நீட்டிப்புக் கேட்டு எழுத வேண்டும், அல்லது அவசரக் கூட்டம் கூட்ட வேண்டும். பெரிய விண்ணப்பத்தோடு போக்குவரத்து, வெள்ளம், மரங்கள், பறவைகள் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும். பகலில் வேறு வேலை பார்க்கும் ஒரு கவுன்சிலர் அதை இரவில் உட்கார்ந்து படிக்கிறார்.

அந்தப் போக்குவரத்து அறிக்கையில்தான் ஊரின் அறிவு மிகவும் பயன்படும். அறிக்கையைத் தயாரிப்பவர் விண்ணப்பதாரர் அமர்த்திய நிபுணர். நாற்பது வீட்டிலிருந்து காலை நெரிசல் நேரத்தில் எத்தனை கார் வெளியே வரும் என்பதை அவர் டிரிக்ஸ் என்ற தரவுத்தளத்தைக் கொண்டு மதிப்பிடுகிறார். 1989 முதல் இருக்கும் அத்தளத்தில், முன்பே கட்டப்பட்ட இடங்களில் எடுத்த வாகனக் கணக்கெடுப்புகள் உள்ளன. முறையில் தவறில்லை. ஆனால் ஒப்பிட எந்த இடங்களைத் தேர்ந்தார் என்பதில் விடை மாறிவிடும். பேருந்து நிறுத்தம் அருகிலுள்ள புறநகரின் கணக்கை, நாளுக்கு இரண்டே பேருந்து வரும் ஊருக்குப் பொருத்தினால் எண் சிறுத்துப்போகும். இதைச் சுட்டிக்காட்ட நிபுணத்துவம் தேவையில்லை; ஊரைத் தெரிந்தால் போதும்.

அடுத்தது பார்வைத் தூரம். வளாகத்திலிருந்து வெளியேறும் ஓட்டுநர் சாலை விளிம்பிலிருந்து 2.4 மீட்டர் உள்ளே நின்றபடி இருபுறமும் எவ்வளவு தூரம் காண முடிய வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. வாகனங்கள் மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் தெருவில், 2007இல் வெளிவந்த தெரு வடிவமைப்புக் கையேட்டின்படி அது 43 மீட்டர். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும். ஜூன் மாதத்தில் வேலிப் புதர் அந்தக் கோட்டுக்குள் எவ்வளவு நீட்டிக்கொள்ளும் என்பது வரைபடத்தில் இல்லை. அந்தப் புதர் யார் நிலத்தில் நிற்கிறது, அவர் அதை வெட்ட ஒப்புவாரா என்பதும் இல்லை. வேகக் கணக்கெடுப்பை எந்த வாரத்தில் எடுத்தார்கள்? பள்ளி விடுமுறையிலா, அறுவடைக் காலத்தில் டிராக்டருக்குப் பின்னால் எல்லா வண்டியும் ஊர்ந்த நாளிலா? தேதியைப் பார்த்தவுடன் ஊர்க்காரரால் சொல்லிவிட முடியும்.

விபத்துக் கணக்கு இன்னும் முக்கியம். "கடந்த ஐந்தாண்டில் இங்கே விபத்துப் பதிவு இல்லை" என்ற வாசகம் இத்தகைய அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. அரசின் சாலை விபத்துத் தரவு, யாருக்காவது காயம்பட்டுக் காவல்துறைக்குத் தெரியவந்த விபத்துகளை மட்டும் கொண்டது. சுவரில் உரசிய லாரி, பக்கக் கண்ணாடியை இழந்த கார், பள்ளத்தில் இறங்கி டிராக்டரால் இழுத்தெடுக்கப்பட்ட வேன் எதுவும் அதில் வராது. இந்தத் தரவுப்படி ஒருவர் அடிபடும்வரை ஒரு வளைவு ஆபத்தில்லாதது. பதிவேட்டில் ஏறாத அந்த விபத்துகள் ஊரார் நினைவில் இருக்கின்றன. நினைவைச் சான்றாக மாற்ற வேண்டிய வேலை பாரிஷ் கவுன்சிலுடையது. அந்த வேலையைப் பல கவுன்சில்கள் செய்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் வந்த பிறகுதான் அந்தக் கவுன்சில்கள் விழித்துக்கொள்கின்றன. அப்போது எழுதப்படும் எதிர்ப்பில் வயல்வெளிக் காட்சி போய்விடும், வீட்டு விலை சரியும் என்பவை இடம்பெறுகின்றன. இவற்றைத் திட்டமிடல் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. "இப்போதே நெரிசல்" என்று மட்டும் எழுதுவதும் உதவாது. 2012இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட தேசியத் திட்டமிடல் கொள்கை, சாலைக் காரணத்துக்காக மறுப்பதென்றால் பாதுகாப்புக்கு ஏற்க முடியாத கேடு அல்லது போக்குவரத்தில் கடுமையான ஒட்டுமொத்தப் பாதிப்பு இருக்க வேண்டும் என்கிறது. தடை மிக உயரமானது. வெறும் கோபத்தை நம்பி மாவட்டக் கவுன்சில் மறுத்தால், விண்ணப்பதாரர் மேல்முறையீட்டுக்குப் போவார். நியாயமற்ற மறுப்பு என்று மேல்முறையீட்டை விசாரிக்கும் ஆய்வாளர் கண்டால் செலவுத் தொகையும் கவுன்சில் தலையில் விழலாம். ஊருக்கோ மேல்முறையீட்டு உரிமையே கிடையாது. அனுமதியை எதிர்க்க விரும்பினால் உயர் நீதிமன்றத்தில் சட்டப் பிழையை நிரூபிக்க வேண்டும். அதற்கான செலவு பெரும்பாலான பாரிஷ்களுக்கு எட்டாதது.

அப்படியானால் தடுப்பதிகாரம் கொடுத்துவிடலாமே? கூடாது என்பேன். கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எதிர்க்க விரும்புகிறவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள், வயதில் மூத்தவர்கள். அந்த வயலில் எழும் வீட்டில் நாளை குடியேறப்போகும் குடும்பம் இன்று அந்த ஊரிலேயே இல்லை. அதே ஊரில் பெற்றோர் வீட்டு அறையில் முப்பது வயதிலும் தங்கியிருக்கும் இளைஞர் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். பல ஊர்களில் இடங்களுக்குப் போட்டியே நடப்பதில்லை. காலியிடம் விழுந்தால் இருப்பவர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வாக்கே கேட்காத ஒருவர் கையில் இன்னொருவரின் வீட்டைத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுப்பது நியாயமாகாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் பகையும் உறவும் தீர்மானத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. பண நலன்களை வெளியிட வேண்டும் என்கிறது 2011ஆம் ஆண்டு உள்ளாட்சி உரிமைச் சட்டம். ஆனால் நடத்தை விதியை மீறிய கவுன்சிலரை இடைநீக்கம் செய்யும் அதிகாரத்தை அதே சட்டம் எடுத்துவிட்டது. 2020 டிசம்பரில் செஷையரிலுள்ள ஹான்ட்ஃபோர்த்தில் ஜூம் வழியாகக் கூடிய பாரிஷ் கவுன்சில் கூட்டம் சச்சரவில் சிதறியதை 2021 பிப்ரவரியில் பரவிய காணொளியில் உலகமே பார்த்தது. அதில் திட்டமிடல் குழுவின் கூட்டமும் இருந்தது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஓர் ஊரின் கட்டட விவகாரங்கள் அந்த அவையைத்தான் நம்பியிருந்தன.

இந்தக் குறைகளோடும் இந்த அவைகள் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டம் யாருக்கும் திறந்தது. நடவடிக்கைக் குறிப்பு எழுதப்பட்டுப் பொதுவில் வைக்கப்படுகிறது. மாவட்ட அளவில் பெரும்பாலான விண்ணப்பங்களை அதிகாரிகளே மேசையில் முடித்துவிடுகிறார்கள். ஒரு வீட்டின் விரிவாக்கம் முதல் பெரிய குடியிருப்புவரை அண்டை வீட்டார் எழுந்து நின்று பேசக்கூடிய ஒரே கூட்டம் பல நேரங்களில் பாரிஷ் கவுன்சிலுடையதுதான். முன்கூட்டியே யோசிக்கிற கவுன்சிலுக்குச் சட்டம் கருவியும் தந்திருக்கிறது. வீடுகள் எங்கே வரலாம், நடைபாதை எங்கே வேண்டும் என்று ஊரே எழுதி வாக்கெடுப்பில் நிறைவேற்றும் அக்கம்பக்கத் திட்டம், 2013 மார்ச்சில் கம்ப்ரியாவின் அப்பர் ஈடன் பகுதியில் முதன்முதலாக வாக்கெடுப்பில் வென்றது. இத்தகைய திட்டம் உள்ள ஊருக்கு, உள்கட்டமைப்பு வரி வசூலிக்கும் மாவட்டங்களில், அந்த ஊர்க் கட்டுமானத்திலிருந்து வரும் வரியில் 25 சதவீதம் போகும். இல்லாத ஊருக்கு 15 சதவீதம், அதுவும் உச்சவரம்போடு.

விண்ணப்பங்களுக்கு வெளியே, அன்றாடச் சாலைச் சிக்கலில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. வேக வரம்பை மாற்ற 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெடுஞ்சாலை அதிகாரம் ஆணை பிறப்பிக்க வேண்டும். ஊர் கேட்கலாம், காத்திருக்கலாம். வேகத்தடுப்பு அமைப்புகளுக்குப் பாரிஷ் கவுன்சில் பணம் கொடுக்கலாம் என்று 1997இல் சட்டம் திருத்தப்பட்டது. வேகம் காட்டும் மின்பலகையையும் வாங்கலாம். தன்னார்வலர்கள் ரேடார் கருவியோடு நின்று வாகன எண்களைக் குறித்துக் காவல்துறைக்கு அனுப்பலாம். நல்ல முயற்சிகள்தான். ஆனால் இந்தப் பணம் கவுன்சில் வரியோடு சேர்த்து ஊராரிடமே வாங்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான வீடுள்ள சிறுநகரம் இரண்டு மின்பலகை வாங்கும். நூறு வீட்டுக் கிராமத்துக்கு ஒன்றே பெருஞ்சுமை. இரண்டின் நடுவிலும் அதே லாரிகள்தான் ஓடுகின்றன. ஒரு குழந்தை பள்ளிக்கு நடந்துபோகும் பாதையின் பாதுகாப்பு ஊரின் வரி வலிமையைப் பொறுத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது.

சாலைப் பழுதில் பாரிஷின் குறிப்பேட்டுக்குப் பலர் அறியாத மதிப்பு உண்டு. குழியில் விழுந்து அடிபட்டவர் இழப்பீடு கேட்டால், நியாயமான கவனம் எடுத்தோம் என்று நெடுஞ்சாலை அதிகாரம் வாதிட 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தப் பழுது அதற்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். தேதியிட்டு அனுப்பி, குறிப்பேட்டிலும் ஏற்றிய புகாருக்கு அப்போது எடை கூடும்.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் அப்படி எடை கிடைப்பதில்லை. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். அனுமதித்தால், வந்த கருத்துகளைக் கருத்தில் கொண்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் விடை எழுத வேண்டியதில்லை. வளைவு, புதர், பனி உறையும் சரிவு என்று பாரிஷ் இரண்டு பக்கம் எழுதியிருக்கும். அதிகாரியின் அறிக்கையில் அது "பாரிஷ் கவுன்சில் சாலைப் பாதுகாப்பு குறித்து எதிர்ப்பு" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடலாம். கீழே "நெடுஞ்சாலைத் துறைக்கு ஆட்சேபம் இல்லை" என்று இன்னொரு வரி. இரண்டு வரிகளுக்கும் இடையே உரையாடலே நடக்கவில்லை. இடத்தைச் சுட்டிச் சொன்ன ஒவ்வொரு சாலைக் குறிப்புக்கும், முடிவெடுக்கும் முன் நெடுஞ்சாலை அதிகாரி பெயரிட்டு எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற கடமை இருந்தால் போதும். அவர் ஊரோடு உடன்பட வேண்டியதில்லை. நேரில் வந்து பார்த்தாரா, என்றைக்கு, ஏன் ஏற்கவில்லை என்று சொன்னால் போதும்.

பாரிஷ்களும் "எதிர்க்கிறோம்" என்பதோடு நிறுத்தாமல், அனுமதி வந்தால் என்ன நிபந்தனை வேண்டும் என்று கேட்கப் பழக வேண்டும். கட்டுமான லாரி எந்த வழியில் வர வேண்டும், முதல் குடும்பம் குடியேறும் முன் நடைபாதை முடிய வேண்டுமா என்பவை கேட்டால் கிடைக்கக்கூடியவை. உள்தெருக்களைக் கவுண்ட்டி ஏற்றுக்கொள்ளுமா என்ற கேள்வியை அப்போதே எழுப்பியாக வேண்டும். பெரிய பதினொரு கட்டுமான நிறுவனங்கள் 2021 முதல் 2022 வரை விற்ற புது வீடுகளில் 80 சதவீதத்துக்குத் தனியார் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்று போட்டி, சந்தை ஆணையம் 2024இல் கண்டது. புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்குகிறவர்கள் சாலைக்கும் விளக்குக்கும் கவுன்சில் வரி ஒருபுறம், நிர்வாக நிறுவனத்துக்குக் கட்டணம் ஒருபுறம் என்று இருமுறை செலுத்த நேர்வது இப்படித்தான். சாவி கையில் வந்த பிறகு அதை மாற்றுவது கடினம்.

இப்போது அந்த அமைப்பே மாறுகிறது. 2024 டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, மாவட்டம், கவுண்ட்டி என்ற இரட்டை அடுக்கை நீக்கி, பொதுவாக ஐந்து லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்களுக்கு ஒன்றாகப் பெரிய கவுன்சில்களை அமைக்கச் சொல்கிறது. 2025இன் திட்டமிடல், உள்கட்டமைப்புச் சட்டம், எந்த விண்ணப்பத்தை அதிகாரிகளே முடிக்கலாம் என்பதை நாடு முழுதும் ஒரே விதியாக்க வழிசெய்தது. கவுன்சிலர்களின் திட்டமிடல் குழுவுக்கு வரும் விண்ணப்பங்கள் குறையும். ஊருக்கும் முடிவெடுப்பவருக்கும் இடையே தூரம் கூடும். ஆனால் வீட்டையும் சாலையையும் ஒரே அமைப்பு பார்க்கப்போவதால், பதில் சொல்ல வேண்டியது இன்னொரு கவுன்சில் என்ற சாக்கு இனி இருக்காது. புதிய கவுன்சில்கள் தங்கள் நடைமுறை விதிகளை எழுதும் இந்தக் காலத்திலேயே, பாரிஷ் எழுப்பும் சாலைக் குறிப்புக்கு எழுத்துப் பதில் என்ற ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லி ஒவ்வொரு பாரிஷ் கவுன்சிலும் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.