பெயர் சொல்கிறது, காரணம் சொல்வதில்லை

உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியின் பொதுத் தகவல்கள் பலருக்கும் தெரிந்தவை. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி மூன்றிலும் ஓடும். 2008-இல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்கள் படிப்பின் நிறைவுக்காகச் செய்த வேலை, 2023-இல் தனித்து இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பாக ஆனது. 2017 முதல் படத்தைப் பார்த்துச் செயலியே பெயரை ஊகித்துச் சொல்கிறது. எருக்கஞ்செடியில் உட்கார்ந்த வெந்தய வரியனையோ வேலியோரத்துச் செம்போத்தையோ காட்டினால் தடுமாறாது. அந்த வெற்றிகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. செயலி திணறும் இடம் தேனீ ஈக்கள். எனவே சோதனையும் அங்கேதான்.

பார்வைக்குத் தேனீ, பிறப்பால் ஈ. பாம்பிலிடே என்ற இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் 4,500-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தேனீக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டு. கொடுக்கு இல்லை. உணர்கொம்பு குட்டை. சில வகைகளில் உறிஞ்சுகுழல் தலைக்கு முன்னால் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும், உட்கார்ந்தாலும் மடங்காது. வெயில் ஏறிய பிறகு செம்மண் தரையிலும் கிணற்றடிப்பூண்டின் பூவிலும் வந்து நிற்கும். பூவைத் தொடாமல் அந்தரத்திலேயே நின்று தேன் குடிப்பவையும் உண்டு. இளம்பருவத்தில் பெரும்பாலானவை மற்ற பூச்சிகளின் புழுக்களைத் தின்று வளர்கின்றன. பாம்பிலியஸ் பேரினத்துப் பெண் ஈ வயிற்று நுனியிலுள்ள சிறு பையில் மண்துகளை அள்ளிக்கொண்டு, முட்டைமேல் அதைப் பூசி, மண்ணில் வளை தோண்டும் தேனீயின் வாசலை நோக்கிப் பறந்தபடியே சுண்டிவிடும். இப்படிப்பட்ட ஒன்று மண்சுவர் ஓட்டைக்கு எதிரில் மிதப்பதைக் கண்டால் அதன் பெயர் என்ன என்று கேட்காமல் இருக்க முடியாது.

வாரக்கணக்கில் இந்த ஈக்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றிப் பார்க்கும்போது ஒரே ஒரு குறை மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. செயலி பெயரைச் சொல்கிறது. எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னது என்று சொல்வதில்லை.

தேனீ ஈயைப் பொறுத்தவரை அந்தக் காரணம்தான் முக்கியம். கருத்த இறக்கை, வயிற்றில் வெள்ளைப் பட்டை, நடுத்தர உருவம் என்று பல பேரினங்கள் ஒரே தோற்றத்தில் வரும். அவற்றைப் பிரிப்பது இறக்கை நரம்பு. இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி, நுனிப் பக்கமாக நரம்புகள் சில அறைகளை அடைத்து நிற்கின்றன. அந்த அறைகளை எண்ண வேண்டும். இரண்டு என்றால் ஆந்த்ராக்ஸ், வில்லா போன்றவை. மூன்று என்றால் எக்ஸோப்ரோசோபா. நான்கு என்றால் லிகைரா. இரண்டு அறை உள்ளவற்றில் ஆந்த்ராக்ஸைத் தனியே பிரிக்க உணர்கொம்பின் நுனியைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கொத்து முடி இருந்தால் ஆந்த்ராக்ஸ். உடல் நிறத்தைப் பார்த்து முடிவுக்கு வருவதைவிட இது எவ்வளவோ உறுதியான வழி. செதில்முடி உதிர்ந்த பழைய ஈயும் புதிதாக வெளிவந்த ஈயும் ஒரே இனமானாலும் வேறு வேறாகத் தெரியும். நரம்பு மட்டும் மாறாது.

பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய நூல்வரிசையில் என்ரிகோ புரூனெட்டி 1920-இல் எழுதிய ஈக்கள் தொகுதி, தேனீ ஈக்களை இப்படித்தான் படிப்படியாகப் பிரித்துக்கொண்டு போகிறது. நூறாண்டு கடந்த புத்தகம். பெயர்கள் பல மாறிவிட்டன. ஆனால் ஒவ்வொரு படியிலும் அது வாசகரிடம் ஒரு கேள்வி கேட்கிறது, வாசகர் பூச்சியைத் திரும்பிப் பார்க்கிறார். செயலியில் அந்தத் திரும்பிப் பார்த்தல் இல்லை.

திரையின் அமைப்பும் இதற்கு உதவவில்லை. ஈயின் படத்தைக் கொடுத்ததும் மேலே ஒரு வரி வரும்: இது இன்ன குடும்பம் அல்லது இன்ன பேரினம் என்பதில் ஓரளவு உறுதி என்று. நேர்மையான வரி. இந்தச் செயலியில் மிகவும் பாராட்ட வேண்டிய ஒரு வரி உண்டென்றால் அதுதான். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்கிறது. ஆனால் அதற்குக் கீழே உடனே, படங்களோடு, இனங்களின் பட்டியல் வந்துவிடுகிறது. விரல் போவது அழகான படத்துக்கு. குடும்பத்தோடு நிறுத்த வேண்டிய பதிவு இரண்டு நொடியில் இனப்பெயர் சூட்டிக்கொள்கிறது. இந்தப் பட்டியலைத் தேனீ ஈ போன்ற கடினமான குடும்பங்களுக்கு ஒரு தட்டு தள்ளி வைத்தாலே பாதித் தவறுகள் குறையும்.

பட்டியலில் வராதவற்றைப் பற்றியும் யோசிக்க வேண்டும். செயலியின் கணினிப் பார்வை, போதுமான படங்கள் சேர்ந்த இனங்களை மட்டுமே கற்றுக்கொள்கிறது. ஒரு இனத்துக்குச் சுமார் நூறு படமாவது வேண்டும். அவ்வளவு சேராத இனம் அதன் கண்ணுக்கு இல்லவே இல்லை. இங்கிலாந்தில் இது பெரிய தொல்லை இல்லை. அங்கே பாம்பிலியஸ் பேரினத்தில் நான்கே இனங்கள். 2016 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் பொதுமக்களைப் பார்த்துப் பதியச் சொல்லும் இயக்கம் ஒன்று நடக்கிறது. இறக்கையின் முன்விளிம்பு மட்டும் கருத்திருந்தால் பாம்பிலியஸ் மேஜர், இறக்கை முழுக்கப் புள்ளி இருந்தால் டிஸ்கலர். பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மேஜருக்கு வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்டார். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதைப் படமெடுக்காத தோட்டக்காரர் குறைவு. தென்னிந்தியாவின் நிலைமை வேறு. இங்குள்ள தேனீ ஈக்கள் பல அருங்காட்சியக ஊசியில் மட்டுமே பெயரோடு இருப்பவை. உயிரோடு எடுத்த படங்கள் சொற்பம். அப்படி ஒன்றைக் காட்டினால், படம் நிறைய உள்ள அதன் உறவினரின் பெயர்தான் வர முடியும். அருகில் எதிர்பார்க்கக்கூடியவை என்ற வடிகட்டி தூரத்து நாட்டு இனங்களை விலக்குமே தவிர, கற்காத இனத்தைக் கொண்டுவந்து தராது.

அடுத்தது, ஒப்புக்கொள்கிறேன் என்னும் பொத்தான். படம் ஏற்றியவர் செயலி சொன்ன இனப்பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். இன்னொருவர் அந்தப் பொத்தானைத் தட்டுகிறார். மறுப்பு எதுவும் இல்லை என்றால் இருவர் போதும், பதிவு ஆய்வுத்தரம் என்ற நிலைக்கு உயர்ந்துவிடும். உரிமம் அனுமதித்தால் அங்கிருந்து ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுக் கிடங்குக்கும் போகும். இருவரில் ஒருவராவது இறக்கை அறைகளை எண்ணினாரா என்று கேட்க அங்கே ஒரு கட்டம்கூட இல்லை. வெந்தய வரியனுக்கு இந்த ஏற்பாடு போதும். தேனீ ஈக்குப் போதாது. பொத்தானுக்குப் பக்கத்தில், எதைப் பார்த்து ஒப்புக்கொண்டீர்கள் என்று ஒரு சிறு கேள்வி வைத்தால் எவ்வளவோ நல்லது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தச் செயலியை விட்டு வேறொன்றுக்குப் போக மனம் வராது. காரணம் அதிலுள்ள மனிதர்கள். வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் ஈக்களோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர், முன்பின் தெரியாத ஊரின் படத்துக்குக் கீழே வந்து, இறக்கையை மேலிருந்து எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்கக்கூடிய இடம் இது. இயந்திரம் கேட்காத கேள்வியை மனிதர் கேட்கிறார்.

இதே அமைப்பின் இன்னொரு செயலியான சீக், கணக்குத் தொடங்காமலே ஓடும். கேமராவைக் காட்டியதும் குடும்பம், பேரினம் என்று படிப்படியாகப் புள்ளிகள் நிறையும். பிள்ளைகளுக்கு அருமையான பொழுது. தேனீ ஈக்கு மட்டும் அது சரிப்படாது. கேமராவை நிலைப்படுத்துவதற்குள் ஈ பறந்துவிடும்.

ஆகவே வேலை படமெடுப்பவர் கையில்தான். நல்ல வேளையாக ஆந்த்ராக்ஸ், வில்லா, எக்ஸோப்ரோசோபா எல்லாம் தரையில் உட்காரும்போது இறக்கையை இருபுறமும் விரித்துக் காட்டுகின்றன. நேர் மேலிருந்து, இறக்கை முழுதும் தெளிவாக விழும்படி ஒரு படம் முதலில் வேண்டும். பிறகு பக்கவாட்டில் தலையும் உணர்கொம்பும். பிறகு முகம். பல இனங்களில் ஆணின் கண்கள் உச்சியில் நெருங்கித் தொடும், பெண்ணுக்கு இடைவெளி இருக்கும், அதுவும் பதிவாகட்டும். தொடர் படப்பிடிப்பில் வைத்து அழுத்தினால் ஒன்றிரண்டாவது கூர்மையாக விழும். நிழல் மேலே விழாமல் தாழ்ந்து நெருங்க வேண்டும். பூவில் பறந்தபடி எடுத்த படம் பார்க்க அழகு. அதில் நரம்பு மங்கிவிடும். குளவி போல இடுப்பு மெலிந்த சிஸ்ட்ரோபஸ் என்றால் இறக்கையோடு பக்கவாட்டு உருவமும் முக்கியம்.

நல்ல படம் எதுவரை போகும் என்பதற்கு 2015-இல் ஒரு சான்று கிடைத்தது. கனடாவின் ஸ்டீபன் மார்ஷலும் ஹவாயியிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தின் நீல் ஈவன்ஹுயிசும் தென்னாப்பிரிக்காவில் எடுத்த படங்களை மட்டும் வைத்து, பிடித்து வைத்த மாதிரிப் பூச்சி எதுவும் இல்லாமல், மார்லியிமையா சைலோகோப்பே என்ற புதிய தேனீ ஈயை விவரித்து வெளியிட்டார்கள். தச்சுத் தேனீ என்று ஏமாறும் அளவுக்கு ஒத்த தோற்றம் அதற்கு. எதிர்ப்பும் கடுமையாக வந்தது. படத்தை மட்டும் நம்பிப் பெயர் வைப்பது அறிவியலுக்குக் கேடு என்று 2016-இல் நானூற்றுக்கும் மேற்பட்ட வகைப்பாட்டியலாளர்கள் கையெழுத்திட்டார்கள். எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்காமல் பிரிக்க முடியாத இனங்கள் இந்தக் குடும்பத்தில் நிறைய.

அப்படிப்பட்டவற்றைப் பேரினத்தோடு, தேவைப்பட்டால் குடும்பத்தோடு நிறுத்திவிடலாம். செயலி அதை அனுமதிக்கிறது, அந்தப் பதிவு தொலைந்தும் போவதில்லை. பாம்பிலிடே, இந்தியா என்று வடிகட்டிப் பார்க்கும் வல்லுநர் எவருக்கும் அது கண்ணில் படும். எத்தனை வருடம் கழித்து வந்தாலும், மேலிருந்து எடுத்த ஒரு படம் அங்கே இருந்தால் அவர் அறைகளை எண்ணிவிடுவார்.