பாஸ்கராசாரியாரின் குரங்குக் கணக்குகள்: ஓர் ஆய்வு

இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தல் என்றவுடன் மாணவர் நினைவில் முதலில் எழுவது ஒரு சூத்திரமேயாம். அதிற் குணகங்களை இட்டு மூலங்கள் இரண்டையும் பெற்றதும் கணக்கு முடிந்ததென அவர் அமைவர். மறையெண் வரின் அதனை வெட்டிவிடுவர். பெற்ற மூலம் வினாவுக்கு விடையாகுமோ என்னும் ஆராய்ச்சி அங்கு நிகழ்வதில்லை. அவ்வாராய்ச்சியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே நிகழ்த்திக் காட்டியது பாஸ்கராசாரியாரின் பீஜகணிதம். அந்நூலின் சிறப்பும் குறையும் அதிலுள்ள குரங்குக் கணக்குகள் இரண்டிற் புலனாகும்.

தீர்க்கும் விதி பாஸ்கரருடையதன்று, ஸ்ரீதரருடையது. ஸ்ரீதரரின் அட்சரகணித நூல் மறைந்தொழிந்தது. பாஸ்கரர் அவர் பெயரைக் கூறி எடுத்தாண்டமையாலேயே விதி எஞ்சியது. வர்க்கத்தின் குணகத்தை நான்கால் பெருக்கி, வரும் எண்ணால் இருபக்கத்தையும் பெருக்குக. பின்னர் கணியத்தின் பழைய குணகத்தின் வர்க்கத்தை இருபக்கமும் கூட்டுக. அதன்பின் மூலங் காண்க என்பது அதன் கருத்து. குணகத்தைப் பாதியாக்கும் முறையில் நேரும் பின்னத்தொல்லை இதில் இல்லை.

முதற் கணக்கு: ஒரு கூட்டத்தில் எட்டிலொரு பங்கின் வர்க்கமளவான குரங்குகள் சோலையில் விளையாடின; எஞ்சிய 12 குன்றின்மேல் இருந்தன. தெரியாக் கணியத்தைப் பாஸ்கரர் வழங்கியவாறே 'யா' எனக் கொள்ளின், யா² − 64யா = −768. விதிப்படி 2யா − 64 என்பதன் வர்க்கம் 1024; அதன் மூலம் 32. ஆகவே விடை 48 அல்லது 16. எட்டிலொரு பங்கு முறையே 6, 2 ஆதலின் இரண்டும் வினாவிற்குப் பொருந்தும். பாஸ்கரரும் இரண்டையும் ஏற்றார்.

இரண்டாங் கணக்கு: ஐந்திலொரு பங்கிலிருந்து 3 குறைத்து வர்க்கித்த தொகையினவான குரங்குகள் குகையினுட் சென்றன, எஞ்சிய ஒன்று மரக்கிளையில் ஏறிற்று. இங்கே யா² − 55யா = −250. நான்காற் பெருக்கி 3025ஐக் கூட்ட, 2யா − 55 என்பதன் வர்க்கம் 2025, மூலம் 45. விடை 50 அல்லது 5. பாஸ்கரர் 50ஐ ஏற்று 5ஐ விலக்கினார். ஐந்தில் ஐந்திலொரு பங்கு 1. அதிலிருந்து 3 குறைத்தால் −2. மறையான எண்ணை உலகத்தார் ஒப்புவதில்லை என்பது அவர் கூறிய காரணம்.

விலக்கியது சரி, கூறிய காரணம் போதாது. உலகத்தாரின் ஒப்புதல் காலத்துக்குக் காலம் மாறுவது. கணித முடிவை அதன்மேல் நிறுத்தல் பொருந்தாது. மெய்யான காரணம் வர்க்கித்தலிலேயே உள்ளது. −2ஐ வர்க்கித்தாலும் 2ஐ வர்க்கித்தாலும் 4 ஒன்றே வரும். '3இலிருந்து ஐந்திலொரு பங்கைக் குறைத்து வர்க்கித்த தொகை' என வினாவை மாற்றினும் சமன்பாடு மாறாது. அப்போது ஏற்கத்தக்கது 5, விலக்கத்தக்கது 50. இருவேறு வினாக்களை ஒரே சமன்பாடு சுமந்து நிற்கின்றது. எவ்வினா கேட்கப்பட்டதெனச் சமன்பாடு சொல்லாது, வினாவே சொல்லவேண்டும். நேரெண்ணின் வர்க்கமூலம் நேரும் மறையுமாக இரண்டு என அந்நூலிலேயே தெளிவாகக் கூறிய பாஸ்கரர், அவ்வுண்மையை இவ்விடத்திற் பயன்படுத்தாது விட்டமை குறையேயாம்.

ஆயினும் அக்குறை அவர் செயலின் பெருமையைக் குறைப்பதன்று. இரண்டாங் கணக்கின் மூலங்கள் இரண்டும் நேரெண்களே. மறையெண்ணை மட்டும் வெட்டப் பழகிய மாணவன் 5ஐயும் விடையென எழுதிவிடுவான், பாஸ்கரர் எழுதவில்லை. மூலத்தை வினாவினிடத்து மீட்டும் கொண்டுசென்று சோதித்தமையே அதற்குக் காரணம். சூத்திரம் தருவன மூலங்கள். விடையைத் தேர்வது அறிவு. இவ்வேற்றுமையைக் கற்பிக்காத வகுப்பிற் சூத்திரம் எத்துணை செவ்வையாக ஒப்பிக்கப்படினும் அட்சரகணிதம் கற்பிக்கப்பட்டதாகாது.